கையில் காசு நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

“வர்றது பத்தல” என்பதுதான் எல்லா வீட்டிலும் முதலில் கேட்கும் பேச்சு. சில வீடுகளில் அது அப்பட்டமான உண்மை. அங்கே சிக்கனம் பேசுவதில் நியாயம் இல்லை. கூலி உயர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதும் இடத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பணம் வரும் நாளுக்கும் போகும் நாளுக்கும் பொருத்தமே இல்லை.

மாங்காய்ப் பணம் வருஷத்துக்கு ஒருமுறை. தக்காளிப் பணம் பாலக்கோட்டிலோ ராயக்கோட்டையிலோ விலை நின்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைச் சம்பளம் மாதம் ஒருமுறை. பெங்களூரு கட்டட வேலைக் கூலி சனிக்கிழமை. போவது மட்டும் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. திங்கள் காலை மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடன், தினமும் சாயங்காலம் தண்டல் (நாள்தோறும் வசூலிக்கும் கடன்), 5ஆம் தேதி பைக் டியூ. நடுவில் விழும் இடைவெளியை அடைக்க வாங்கும் கைமாற்றுக்கும் அடகுக்கும் கட்டும் வட்டிதான் பல வீடுகளில் மளிகையைவிடப் பெரிய செலவு.

அதனால் கீழே உள்ள எந்த அறிகுறியைத் தேடும் முன்பும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பணம் வரும் நாளில் நீல மையால் தொகையை எழுதுங்கள். கட்ட வேண்டிய நாளில் சிவப்பு மையால் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும். நீலத்துக்கு முன்னால் சிவப்பு வரிசையாக நிற்கும் வாரம் எதுவோ, கோளாறு அங்கேதான். செலவுக் கணக்கு நோட்டு போட்டு டீ, பஸ் என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். அது பத்து நாளில் நின்றுவிடும், காலண்டர் நிற்காது.

அறிகுறி: வாரத் தவணைக் கடன் ஒன்றைக் கட்ட இன்னொரு வாரத் தவணைக் கடன்

இதுதான் இங்கே அதிகம் பார்க்கும் கோளாறு, முற்றிய கோளாறும் இதுதான். பிளாஸ்டிக் கவரில் மூன்று கடன் அட்டை, மூன்றிலும் ஒரே போட்டோ, ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றி பீரோவில் இருக்கும். “எவ்வளவுக்கா வாரம்?” என்று கேட்டால் “அது இருக்கும்மா, ரெண்டாயிரம் கிட்ட” என்று பதில் வரும். சரியான தொகை வாயில் வராது.

முதல் வேலை, மூன்று அட்டையையும் வரிசையாக வைத்துக் கூட்டுவது. திங்கள் 650, புதன் 720, வியாழன் 540 என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 1,910. இதை நான்கால் பெருக்கி “மாசம் 7,640” என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆண்டுக்கு 48 வாரம் அல்ல, 52 வாரம். நினைத்த கணக்குக்கும் கட்டிய கணக்குக்கும் நடுவே ஆண்டுக்கு 7,640 ரூபாய் வித்தியாசம். ஐந்து திங்கட்கிழமை விழும் மாதத்தில் மட்டும் தோடு அடகுக்குப் போவது ஏன் என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து, வரம்பு மீறியிருக்கிறதா பாருங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதி வகுத்திருக்கிறது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன வீட்டின் வருமானம் 16,000 என்றால் பாதி 8,000. அவர்கள் கட்டுவது சராசரியாக 8,276. இன்னொரு கடன் தருகிறேன் என்று வருபவர் அந்த விதியை மீறித்தான் தருகிறார். அது உங்கள் மேல் உள்ள நம்பிக்கை அல்ல.

அதே விதியில் நமக்குச் சாதகமானவை மூன்று. கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. தாமதக் கட்டணம் போட்டாலும் பாக்கி நின்ற தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் அல்ல. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வரக் கூடாது. இதைச் சொல்லத் தெரிந்த ஒரு பெண் தெருவில் இருந்தால் அந்தத் தெருவுக்கே தைரியம்.

சரிசெய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். தண்டல் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். 10,000 ரூபாய் தண்டல் என்று 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலித்தால், கடன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 120 ஆகிறது. “பதினஞ்சு ரூபாதான் வட்டி” என்பது பேச்சுக்குத்தான். தண்டல் முடிந்ததும் மிச்ச வாரம் குறைவாக உள்ள அட்டையை எடுத்து முடியுங்கள். அது நின்றவுடன் அதன் வாரத் தொகையை வீட்டுக்குள் விடாமல் அடுத்த அட்டைக்குத் திருப்புங்கள். இடையில் “டாப்-அப் தர்றோம்” என்று, இருக்கும் கடனுக்கு மேல் இன்னும் கடன் தர வருவார்கள். அதை வாங்கினால் காலண்டர் முழுக்க மறுபடி சிவப்பு.

மொத்தமாக மாற்ற வழி உண்டு என்றால் அது வங்கி இணைப்புக் கடன்தான். தேசிய ஊரக வாழ்வாதாரத் திட்டத்தில் தகுதியுள்ள சுய உதவிக் குழுவுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டிக்குக் கடன் கிடைக்கிறது, தவணையும் மாதம் ஒருமுறை. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு முறையே 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அது பிறந்த மண்ணில் இருந்துகொண்டு, குழுவின் பாஸ்புக்கைத் தூங்கவிட்டு வாரக் கடனுக்கு வரிசையில் நிற்பது எனக்கு மனசு ஆறாத விஷயம். குழுக் கூட்டம் ஒழுங்காக நடந்து, சேமிப்பும் உள்கடனும் (குழுவுக்குள் கொடுத்த கடன்) நோட்டில் ஏறியிருந்தால்தான் வங்கி மேலாளர் கோப்பைத் திறப்பார். கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

மிரட்டல், வீட்டுப் பொருளைத் தூக்குவது என்று போனால் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அறிகுறி: நகை வீட்டில் இருப்பதே இல்லை

வைப்பது, ஒரு வருஷம் கழித்து மீட்பது, அன்றைக்கே மறுபடி வைப்பது. மீட்கப் பணம் இல்லாததால் ஒரு நாளைக்குக் கைமாற்று, அதற்கு ஒரு வட்டி. மூன்று நான்கு வருஷம் இப்படிச் சுற்றும் நகை, அதற்குள் கட்டிய வட்டியில் சிறு நகை ஒன்று வாங்கியிருக்கலாம்.

முதலில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கடைத்தெருவில் இரண்டு வட்டிக்கு வைத்தால் ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000. வங்கியில் 9, 10 சதவீதம் என்றால் ஏறக்குறைய அதில் பாதிக்கும் கீழே. “கிராமுக்கு எவ்வளவு தருவீங்க?” என்று நுழைந்ததும் கேட்கிறோம். கேட்க வேண்டியது வட்டியையும் கெடு தேதியையும்தான். கிராமுக்குக் கூடத் தருகிறார்கள் என்றால் மீட்கவும் கூடத்தான் கட்ட வேண்டும்.

இரண்டாவது, எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். நான்கு உருப்படியை ஒரே பொட்டலமாக, ஒரே கணக்காக வைத்தால் முழுப் பணமும் சேர்ந்தால்தான் எதுவும் வெளியே வரும். வைக்கும்போதே “ரெண்டு கணக்கா போடுங்க சார், செயின் தனி, தோடும் மோதிரமும் தனி” என்று கேளுங்கள். சின்னக் கணக்கை மூன்று நான்கு மாதத்தில் மூடிவிடலாம். ஒரு உருப்படி வீட்டுக்கு வந்துவிட்டால் அடுத்ததை மீட்கும் ஆசை தானாக வரும். இதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, வட்டியை வருஷக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். மாதாமாதமோ, பணம் கிடைத்த வாரத்திலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். முழு அசலையும் வட்டியையும் கடைசியில் ஒரே தவணையாகக் கட்டும் நகைக்கடனுக்குக் காலம் 12 மாதம்தான். வட்டியைக் கட்டாமல் அதைப் புதுப்பிக்க முடியாது.

ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட நகைக்கடன் விதிகளில் ஒன்றை மனதில் வையுங்கள். கடனை முழுதாகக் கட்டியபின் நகையை அன்றைக்கே, அதிகம் போனால் 7 வேலை நாளுக்குள் தந்துவிட வேண்டும். அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. இந்த விதியை நடைமுறைப்படுத்த அவர்களுக்குக் கொடுத்த கெடு 2026 ஏப்ரல் 1.

“தள்ளுபடி வரும்” என்று கட்டாமல் வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. 2021இல் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி 5 பவுனுக்கு உட்பட்டு, நிபந்தனைகளோடுதான் வந்தது. வட்டி அதுவரை காத்திருக்காது.

அறிகுறி: அறுவடைப் பணம் வந்தது, ஆடிக்குள் கரைந்தது

மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்ட பணமோ, தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் விற்ற பணமோ கணக்கில் மொத்தமாக விழும்போது வீடு பெரிய வீடாகத் தெரிகிறது. இந்தத் தோற்றத்தைக் கெடுக்காமல் விட்டால் மார்கழியில் கை ஏந்த வேண்டும்.

செலவு, ஆள் கூலி, மருந்துக் கடை பாக்கி எல்லாம் போக நிற்பதை, அடுத்த பணம் வர எத்தனை மாதம் ஆகுமோ அத்தனையால் வகுங்கள். தோப்பில் 1,20,000 நின்றது, அடுத்தது அடுத்த ஜூனில்தான் என்றால் மாதம் 10,000. அந்த மொத்தத்தை ஏடிஎம் கார்டும் யூபிஐயும் இல்லாத தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மாதம் முதல் தேதி 10,000 மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். விவசாயிக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. தானே தனக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தக்காளிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, ஏனென்றால் அடுத்த பணம் எப்போது என்றே தெரியாது. விலை நின்ற வாரத்தில், அடுத்த நடவுக்கான நாற்று, உரம், குச்சி, கயிறுச் செலவை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். அது இருந்தால் விலை சரிந்த பருவத்தில் வட்டிக்கு வாங்கி நட வேண்டியிருக்காது.

பயிர்க்கடனைக் கூட்டுறவு சொசைட்டியில் வாங்கிக் கெடு தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும். காலண்டரில் அந்த நாளைச் சுற்றி இரண்டு வட்டம் போடுங்கள்.

அறிகுறி: கரண்ட் பில் திடீரென்று ஏறிவிட்டது

ஆளைக் குறை சொல்லும் முன் கடைசி நான்கு பில்லின் யூனிட்டைப் பாருங்கள், ரூபாயைப் பார்க்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதன்பின் படிப்படியாக விலை ஏறும். 500ஐத் தாண்டினால் மட்டும் கூடுதல் யூனிட்டோடு நிற்காது; 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் பறிபோகும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! பிறகு விலை கொஞ்சம் ஏறியது, படி அமைப்பு அதேதான். உங்கள் வீடு 480லிருந்து 530க்குள் ஆடுகிறது என்றால் ஐம்பது யூனிட் குறைப்பதுதான் உங்களுக்கு மிகச் சுலபமான சம்பாத்தியம்.

எங்கே குறைப்பது? பழைய 75 வாட் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். அதே நேரம் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் 22 யூனிட்டுக்குக் கீழே. ராத்திரி முழுக்க ஓடும் ஃபேனை மட்டும் மாற்றினால் போதும்.

கசிவு இருக்கிறதா என்று சந்தேகமா? வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மெயினை மட்டும் போட்டபடி மீட்டரில் உள்ள சின்னச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு அது அசையாமல் இருக்க வேண்டும். விட்டுவிட்டுச் சிமிட்டினால் வயரிங்கிலோ மோட்டார் லைனிலோ எங்கோ கரண்ட் போகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இது காசுக்காக மட்டும் அல்ல.

அறிகுறி: பேங்கில் தானாகப் பணம் போகிறது

பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். மே மாதக் கடைசியில் 436 போயிருந்தால் அது ஆயுள் காப்பீடு, 20 போயிருந்தால் விபத்துக் காப்பீடு. இரண்டிலும் தலா 2 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். அதை “நிறுத்துங்க” என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஆயுள் காப்பீட்டில் சேர 18 முதல் 50 வயது, விபத்துக்கு 70 வரை.

ஏடிஎம்மில் சொந்த வங்கியில் மாதம் ஐந்து முறை இலவசம். அதற்கு மேல் எடுத்தால் 2025 மே முதல் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம். ஐந்நூறு ஐந்நூறாக எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய ஓட்டை ‘ரிட்டர்ன் சார்ஜ்’ என்ற வரி. டியூ 5ஆம் தேதி, சம்பளம் 7ஆம் தேதி. கணக்கில் பணம் இல்லாமல் டியூ திரும்பிவிடும். வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், அதற்கு மேல் அரசு வரி. மாதம் தவறாமல். டியூ தேதியை 10க்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள். மறுத்தால், போனஸோ மொய்ப் பணமோ வரும் மாதத்தில் ஒரு தவணைத் தொகையை அந்தக் கணக்கிலேயே போட்டு, தொடாமல் விடுங்கள். ஒரே ஒருமுறை முன்னால் போய்விட்டால் பிறகு எந்த மாதமும் திரும்பாது.

அறிகுறி: சீட்டுப் பணம் கைக்கு வரும்போது போதவில்லை

பதிவு பெற்ற சீட்டா என்பதுதான் ஒரே கேள்வி. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெரிந்தவர், சொந்தக்காரர், வாக்குத் தவறாதவர் என்பதெல்லாம் ரசீது ஆகாது. தீபாவளிச் சீட்டுக்கும் இதுதான். சிறு தொகை சேர்க்க வேண்டுமென்றால் தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்பு போடலாம். பத்து வயதுக்குட்பட்ட பெண் பிள்ளை இருந்தால் செல்வமகள் கணக்கு. ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும்.

அறிகுறி: மளிகைக் கடைப் பாக்கி குறையவே மாட்டேன் என்கிறது

பாக்கி நோட்டு உள்ள கடையில் விலை கேட்க வாய் வராது, அதுதான் இதில் உள்ள சங்கடம். மாதத்தில் பாதியையாவது ரொக்கத்துக்கு மாற்றுங்கள். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. தருமபுரி மாவட்டத்தில் 2023 முதல் விரும்பினால் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு. களி கிண்டத் தெரிந்த வீட்டில் இதை விட்டுவிட்டு வருவது நஷ்டம். புளியை மாசி, பங்குனியில் வருஷத்துக்கும் சேர்த்து வாங்கிக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு அடக்குங்கள். காய்ந்த மிளகாய், பருப்பு வகைக்கு நான்கு வீடு சேர்ந்து போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் பஸ் காசு போகவும் மிஞ்சும்.

அறிகுறி: மருந்துக்கும் தண்ணீருக்கும் போகும் காசைக் குறைக்க மனம் பரபரக்கிறது

இந்த இரண்டில் மட்டும் அளவைக் குறைக்காதீர்கள், வாங்கும் இடத்தை மாற்றுங்கள்.

தினம் ஒரு கேன், 30 ரூபாய் என்றால் மாதம் 900. அதை மிச்சப்படுத்த போர் தண்ணீருக்குத் திரும்புவது தப்பு. நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுவதும், வயதானால் மூட்டும் எலும்பும் இறுகுவதும் அதனால்தான். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தக் கேட்டுக்காகவே கொண்டுவரப்பட்டது. தெருக் குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீரா, ஊராட்சி போர் தண்ணீரா என்று தண்ணீர் விடுபவரிடம் கேளுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து மூடி வைத்தால், கேனைப் பாதியாவது நிறுத்தலாம்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதாமாதம் கடையில் காசு கொடுத்து, கையில் இல்லாத மாதம் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் பெரியவர்கள் இங்கே நிறைய. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்த மாத்திரைகள் வீட்டுக்கே இலவசமாக வரும். துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோய்க்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000க்குள் உள்ள குடும்பங்களுக்கு. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய், யாரும் படுக்கையில் விழாத மாதத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.